அந்நியர் எத்தனை பேர் என்று கேட்டவர்களுக்கு

இந்த மேடைக்குத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் தாமஸ் அண்ணன் அவர்களே, பட்டணத்து மிஷன் அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் செயலர் ஹாலோவே ஐயா அவர்களே, துணைவர் எலியாசர் அண்ணனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐனெஸ் அக்கா அவர்களே, எல்லைக்குத் தெற்கே போசோ பிளாங்கோவிலிருந்து வந்திருக்கும் ருஃபினா அத்தை அவர்களே, நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் சுவரோரம் நின்று என்னை முறைப்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் லியாண்ட்ரா சிக்கோவின் ஸ்தோத்திரம்.

எனக்கு முன்னால் பேசிய நால்வரும் படித்தவர்கள். நான் நான்காம் வகுப்போடு நின்றவள். எலியாசர் அண்ணனுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் வண்டி ஓட்டினேன், சமைத்துப் போட்டேன், வாய்க்கு வந்தபடி கிண்டலும் செய்தேன். "சுருக்கமாகப் பேசுங்கள், வருத்தம் தருவதைப் பேச வேண்டாம்" என்று ஹாலோவே ஐயா வாசலிலேயே கேட்டுக்கொண்டார். சுருக்கமாகப் பேசுகிறேன். இன்னொன்றுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை.

வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பாருங்கள். "போதகர் எலியாசர் நார்சியா அவர்களுக்கு அஞ்சலி" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. எந்தப் போதகர்? எப்போது போதகர் ஆனார்? இருபத்தாறு ஆண்டுகள் ஊழியம் செய்தவரை இருபத்தாறு ஆண்டுகளும் "உதவி ஊழியர்" என்றுதானே எழுதினீர்கள்? அபிஷேகம் கொடுங்கள் என்று இந்தச் சபை மூன்று முறை கைச்சாத்திட்டு அனுப்பியதே, பதில் வந்ததா? உயிரோடு இருந்தவருக்குக் கொடுக்காத பட்டத்தைச் சவப்பெட்டிக்குக் கொடுத்தால் அவர் எழுந்து வந்து நன்றி சொல்வாரா?

நாங்கள் ஓஓதம் பழங்குடி மக்கள். எங்கள் பாலைவனத்தின் நடுவே இரண்டு அரசாங்கங்கள் கோடு கிழித்தன. அப்போது எங்களை யாரும் கேட்கவில்லை. கோடு கம்பி ஆயிற்று, கம்பி இரும்புச் சுவர் ஆயிற்று. மேய்ச்சல் நிலத்து வாயிலை மூடியதும், போசோ பிளாங்கோவுக்கு ஆறு மைல் வழி அறுபது மைல் ஆயிற்று. அரசாங்கம் அப்படித்தான் செய்யும் என்று விட்டுவிடலாம். மிஷன் என்ன செய்தது? அரசாங்கம் கிழித்த அதே கோட்டின்மேல் இன்னொரு கோடு கிழித்தது. வடக்கே இருப்பது சபை, தெற்கே இருப்பது "வெளிநாட்டு ஊழியக்களம்" என்றது. அண்ணனின் அம்மா பிறந்த வீடு தெற்கேதான் இருக்கிறது. அம்மாவின் வீடு வெளிநாடு!

ஒரு முறை அவரைப் பட்டணத்துக்கு அழைத்து இரண்டு வாரம் வகுப்பு வைத்தார்கள். எல்லைக்கு அப்பால் வாழும் பழங்குடியினரிடையே ஊழியம் செய்வது எப்படி என்பதுதான் பாடம். கல்லூரி முடித்த இளைஞர் ஒருவர் பலகையில் படம் வரைந்து, பழங்குடியினர் உணவு கொடுத்தால் மறுக்கக் கூடாது, கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அண்ணன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்தார். என்ன படித்தீர்கள் என்று கேட்டேன்.

"தங்கமான பையன், லியாண்ட்ரா. எங்க அம்மாகிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குக் கத்துக்கொடுத்தான்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை.

ஒவ்வொரு ஜனவரியிலும் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வரும். என் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் அதை நிரப்புவார். அதில் ஒரு கேள்வி: "இவ்வாண்டு வெளிநாட்டுக் களத்தில் நற்செய்தியைக் கேட்ட அந்நியர் எத்தனை பேர்?" அண்ணன் பேனாவை எடுத்து, "ஒருவரும் இல்லை" என்று எழுதுவார். அந்தப் படிவம் வரத் தொடங்கிய பத்தொன்பது ஆண்டுகளும் அதையேதான் எழுதினார்.

நான் சும்மா இருப்பேனா? "ஒரு பத்துன்னாவது போடுண்ணா, பாக்குறவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்" என்றேன்.

"யாரைப் போடட்டும்? ஒரு பேரு சொல்லு, எழுதுறேன்."

இருவரும் உட்கார்ந்து போசோ பிளாங்கோவின் பதினோரு வீடுகளையும் வரிசையாக நினைத்துப் பார்த்தோம். முதல் வீடு அவருடைய பெரியம்மா வீடு. அடுத்தது என் நாத்தனார் வீடு. அதற்கடுத்தது இரண்டு பேருக்கும் உறவு. கடைசி வீட்டில் ருஃபினா அத்தையின் மருமகன் இருந்தார். அவர் ஓஓதம் இல்லை, யாக்கி என்ற வேறு இனத்தவர். அகப்பட்டார் ஒருவர் என்று நான் துள்ளினேன்.

அண்ணன் பேனாவை மூடினார். "நம்ம வீட்டுல பொண்ணு கட்டினவனை அந்நியன்னு எழுதினா, ருஃபினா எனக்கு இனிமே பீன்ஸ் போடுவாளா?"

போட்டிருக்க மாட்டீர்கள்தானே அத்தை? தலையை ஆட்டுகிறார், பாருங்கள்.

அந்தப் பதினோரு வீடுகளில் அவர் செய்தது என்ன? பாறை நிலத்தில் கடப்பாரை பிடித்துப் பதினான்கு கல்லறைகள் தோண்டினார். கிணற்று மோட்டாரை எத்தனை முறை பிரித்துப் பூட்டினார் என்று அவருக்கே தெரியாது. குடியை விட்டவர்களோடு ராத்திரி பகல் பாராமல் கிடந்தார். எங்கள் பேச்சிலேயே ஜெபம் செய்தார், எங்கள் பேச்சிலேயே திட்டினார். இவை எதற்கும் அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அந்நியருக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது.

பத்தொன்பது "ஒருவரும் இல்லை"யையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள் அலுவலகத்தார். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு கடிதம் வந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக ஒருவரும் நற்செய்தியைக் கேளாத களம் என்பதால், போசோ பிளாங்கோ ஆலயம் இம்மாத இறுதியில் மூடப்படும். தகுதி பெற்ற வெளிநாட்டு ஊழியர் கிடைத்தால் பிற்காலத்தில் யோசிக்கப்படும். இதுதான் கடிதம். ஹாலோவே ஐயா, தலையைக் குனியாதீர்கள். அடியில் இருப்பது உங்கள் கையெழுத்து. இருபத்தாறு ஆண்டுகளில் ஒரே ஒரு நாள் அந்த ஊருக்கு நீங்கள் வந்திருந்தால், அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பீர்களா?

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் அண்ணன். அந்த மக்கள் இதைத் தபாலில் அறியக் கூடாது, நானே போய்ச் சொல்கிறேன் என்றார். அந்த வாரம் வியாழக்கிழமையே கிளம்பினோம். சோதனைச் சாவடியில் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். சொந்தக்காரர்களைப் பார்க்க என்றார், எப்போதும் சொல்வதுபோல. ஊர் முழுக்கச் சொந்தமா என்று காவலர் சிரித்தார். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தோம்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நான் எழுதினது தப்பா, லியாண்ட்ரா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் வாய் என் வாய்தானே! "ஆமாண்ணா, தப்புதான். பேசாம என் பேரை எழுதியிருக்கலாம், என்னைவிட அந்நியம் உண்டா?" என்றேன். லேசாகச் சிரித்தார். அப்படியே கதவில் சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர் அதற்குக் காத்திருக்கவில்லை.

அடக்கத்துக்குப் பதினோரு வீட்டுக்காரர்களும் கிளம்பி வந்தார்கள். சாவடியில் ருஃபினா அத்தையைத் தவிர எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்காகப் பதினான்கு குழிகள் வெட்டியவருடைய குழியில் ஒரு பிடி மண் போட அவர்களுக்கு அனுமதி இல்லை! இதைக் கேட்டு உங்கள் வயிறு எரியவில்லையா? இதைச் சொல்லாமல் "நல்ல மனிதர், கர்த்தரிடம் சேர்ந்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால், நாம் அவரை மதித்தவர்களா?

அன்று வண்டியில் நான் கேலியாகச் சொன்ன பதிலை இன்று திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இத்தனை பேர் காதுபடச் சொல்கிறேன், அண்ணா: நீ எழுதியது தப்பு இல்லை. ஒரு வருஷமும் தப்பு இல்லை. ஒரு எழுத்தும் தப்பு இல்லை. கேள்விதான் தப்பு.

ருஃபினா அத்தை, உங்களிடம் சொல்ல வந்த செய்தியை அவர் சொல்லாமலே போய்விட்டார். கடிதத்தில் இருப்பதை இப்போது கேட்டீர்கள், ஆனால் அதை ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம், ஏனென்றால் அது நடக்கப்போவதில்லை. ஆலயம் மூடாது. உங்கள் பேத்தியின் குழந்தைக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கேயே ஞானஸ்நானம் நடக்கும். எல்லை தாண்டி ஆராதனை நடத்தக் கூடாது என்று தாமஸ் அண்ணனுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. நேற்று அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "வண்டியில எனக்கு ஒரு இடம் இருக்குமா?" இருக்கிறது அண்ணா. உங்களைச் சபையிலிருந்து நீக்கினால், அடுத்த வாரம் நானே நின்று ஜெபம் செய்வேன். என்னையும் நீக்கினால், இதோ சுவரோரம் நிற்பவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு பேரையும் நீக்கிவிட்டு அலுவலகம் யாரை வைத்துச் சபை நடத்தும் என்று பார்ப்போம்.

இந்த ஆண்டின் படிவம் என் மேசையில் வெறுமையாகக் கிடக்கிறது. ஐனெஸ் அக்கா அதை என்னை நிரப்பச் சொல்லிவிட்டார். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், ஆனாலும் எழுதுவேன். அந்நியர் எத்தனை பேர்? ஒருவர். பெயர், ஹாலோவே.

கோபிக்காதீர்கள் ஐயா. அதை அடித்துவிட எனக்கும் ஆசைதான். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வண்டி என் வீட்டு வாசலிலிருந்து கிளம்பும். சாவடியில் எதற்காகப் போகிறீர்கள் என்று உங்களையும் கேட்பார்கள். என்ன பதில் சொல்வது என்று வழியில் சொல்லித் தருகிறேன்.