ரங்கூனில் ஒரு பகல்

— கதவைச் சாத்தாதீங்க. எதுத்த ரூமுக்காரி வாசல்லயே உக்காந்திருக்கா.

— சாத்தலம்மா. இன்னா, இந்தப் படியிலயே உக்காந்துக்கிடுதேன். போதுமா?

— போதும். நான் பட்டன் தச்சுக்கிட்டே கேக்கேன். சாயங்காலம் சேட்டு ஆளு சட்டைக்கு வந்துருவான். ம்... ரங்கூன்ல ரயிலு வட்டமா ஓடுதுன்னு சொன்னியளே.

— ஆமா சேசு. நம்ம லோக்கலு சர்ச்கேட்டுல போயி முட்டி நிக்கும்லா? அது நிக்காது. ஊரையே ஒரு சுத்து சுத்தி, ஏறின ஸ்டேஷன்லயே கொண்டாந்து எறக்கி விட்டுரும்.

— அப்போ எதுக்கு ஏறணும்?

— ஊரு பாக்கத்தான். ஒத்த டிக்கெட்டு, மூணு மணி நேரம். பையில சில்லறைய மட்டும் வச்சிருக்கவனுக்கு அதைவிட்டா வேற வண்டி ஏது?

— கப்பல் எஞ்சின்ல எண்ணெய் போடுத தனசீலன், ரங்கூன்ல தொரை மாதிரி சுத்தியிருக்காரு!

— கிண்டலா? அரிசி ஏத்த கப்பல் எட்டு நாள் நின்னுச்சு. எனக்கு எறங்க பாஸ் கெடச்சது ஒரே ஒரு நாளு. காலைல ஆறு மணிக்கு எறங்கினா சாயங்காலம் ஆறுக்குள்ள ஏறிறணும்.

— அந்த ஒரு நாள்ல நான் சொல்லிவிட்ட சோலி...

— வாரேன்லா. மொதல்ல அங்க புத்தர் கோயில் தங்கக் கோபுரத்தைச் சொல்லிருதேன். செருப்பைக் கழத்திட்டுத்தான் மேல ஏறணும். பத்து மணி வெயிலு. தரையெல்லாம் கல்லு. கோழி மாதிரி குதிச்சுக் குதிச்சு ஓடுனோம்...

— ஓடுனோமா? தனியாத்தான போனிய?

— தனியாத்தான். வழியில ஒரு தமிழாளு... தானா வந்து ஒட்டிக்கிட்டான்.

— யாரு?

— யாரோ. ஒரு பாய் கடையில நின்னவனாம். கடைய அந்த ஊரு சர்க்கார் எடுத்துக்கிட்டாம், வேல இல்ல. சும்மாதான இருக்கேன், ஊரு சுத்திக் காட்டுதேன்னான்.

— ம்... அப்புறம்?

— அப்புறம் ஏரி. ஏரின்னா நம்ம மாஹிம் சாக்கடை மாதிரி இல்ல, கண்ணாடி. கரையில ஒரு பொம்பள இடியாப்பம் மாதிரி ஒண்ணுல மீன் கொழம்ப ஊத்திக் குடுக்கா. அவன்கிட்ட ஒரு கிண்ணத்துக்குத்தான் சில்லறை. என்னையத் திங்கச் சொல்லிட்டு அவன் வெறும் டீயக் குடிச்சான். என்ன, ஊசி குத்திட்டா?

— இல்ல. காலர் பட்டனைக் கைப்பட்டியில தச்சிட்டேன். அந்த ஆளு... மெலிஞ்சா இருந்தாரு?

— மெலிஞ்சுதான் இருந்தாரு. இருந்தான். உனக்கென்ன அதுல?

— சும்மா கேட்டேன். நானும் ஒரு மணி நேரமாக் கேட்டுக்கிட்டே இருக்கேன். கோபுரம் வந்துட்டு, ஏரி வந்துட்டு, ரயிலும் வந்துட்டு. எம் புருசன் இன்னும் வரல.

— சேசு...

— நான் என்ன, கோபுரம் பாக்கவா அனுப்பினேன்? மரியசூசை உசுரோட இருக்காரா இல்லையான்னு பாத்து வரத்தான அனுப்பினேன்? அவரு செத்ததுக்கு அடக்கச் சீட்டு கொண்டா, அப்பதான் உங்க ரெண்டு பேருக்கும் கோயில்ல கலியாண ஓலை வாசிப்பேன்னு சாமியார் நம்ம ரெண்டு பேரையும் நிக்க வச்சுத்தான சொன்னாரு?

— கொண்டாந்திருக்கேன்.

— என்னத்த?

— சீட்டுதான். இன்னா. புடி. என்ன, அதைப் பாத்துக்கிட்டே இருக்க? நாலு வருசம் ஆச்சாம் சேசு. மழைக்காலத்துல காய்ச்சல்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆளில்லாம... மாதா கோயில்லதான் எடுத்து அடக்கம் பண்ணியிருக்காங்க.

— கல்லறை பாத்தியளா?

— பாத்தேன். மரச் சிலுவை. மழையில அரிச்சு, பேரு பாதிதான் தெரியுது. ஒரு மெழுகுதிரி ஏத்தினேன்.

— எனக்காவா?

— ரெண்டு பேருக்காவும்... நீ அழலையே?

— போயி ஒம்போது வருசம். காயிதம் நின்னு ஆறு வருசம். அழுதது போதாதா?

— அப்போ கழுத்துல அது...

— கழத்துதேன். இன்னும் ஒரு தடவை சொல்லுங்க.

— என்னத்த?

— அவரு செத்துட்டாருன்னு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— சேசு, என்ன இது... செத்துட்டாரு. போதுமா?

— போதாது. சாமியாரு தோண்டித் தோண்டிக் கேப்பாரு. எறங்கினது ஆறு மணி. பத்து மணிக்குக் கோபுரம். மத்தியானம் ஏரி. அப்புறம் மூணு மணி நேரம் ரயிலு. ஆறு மணிக்குக் கப்பல். அப்போ கல்லறைக்கு எப்பப் போன தனசீலான்னு கேட்டா என்ன சொல்லுவிய?

— காலைல... கோபுரத்துக்கு முந்தி...

— இப்படித் தெணறினா அந்த மனுசன் நம்புவாரா? இப்பவே சரியா யோசிச்சுச் சொல்லிப் பழகுங்க.

— பழகவா... நீ... என்ன பேசுத சேசு?

— சொல்லுங்க. எத்தனை மணிக்கு? தனசீலன்...

— முடியல சேசு. என்னால முடியல. அந்தச் சீட்டு... எங்க கப்பல்ல பர்மா எழுத்து தெரிஞ்ச ஒரு கிளார்க்கு எழுதிக் குடுத்தது. கல்லறையும் இல்ல, ஒண்ணும் இல்ல.

— மெதுவா. அவ காது இங்கதான் இருக்கு.

— காலைல எறங்கினதும் நேரா மாதா கோயிலுக்குத்தான் போனேன். மணியடிக்க கோயில்பிள்ளையக் கூப்பிட்டு, மரியசூசைன்னு ஒருத்தரு, அடக்கப் புஸ்தகத்துல பேரு இருக்கான்னு கேட்டேன். அவன் சிரிச்சிட்டான். அடக்கப் புஸ்தகத்துல எதுக்குத் தேடுதீரு, அன்னா பூசை முடிஞ்சு வெளிய வாராரேங்கான். நீ குடுத்த கலியாணப் போட்டோ சட்டைப் பையிலதான் இருந்துச்சு. எடுக்கவே வேண்டாமாப் போச்சு.

— நீங்க என்ன சொன்னிய?

— நாக்கு ஒட்டிக்கிட்டு. பம்பாய்க் கப்பல், ஊரு பாக்க வந்தேன்னு வாயில வந்ததைச் சொன்னேன். பம்பாயான்னு கேட்டாரு பாரு... ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு சேசு. வாரும் தம்பி, நான் காட்டுதேன், எனக்கும் இன்னைக்கு வேல இல்லன்னாரு.

— அப்போ கோபுரமும் ஏரியும்...

— எல்லாம் அவருதான். அந்த ஒத்தக் கிண்ணம் மீன் கொழம்பும். அவரு ஒரு குடிகாரனா இருந்திருக்கலாம்லா. ஒரு பர்மாக்காரி கூட இருந்திருக்கலாம். மனசார வெறுத்துட்டு வந்திருப்பேன். ஒண்ணும் இல்ல. கிழிஞ்ச சட்டைய ஊசி போட்டுத் தச்சு உடுத்தியிருக்காரு. நாலு காசு சேத்துட்டு எழுதலாம்னு இருந்தாராம். சேரவே இல்லையாம். வெக்கப்பட்டுக்கிட்டே ஆறு வருசம் போயிட்டாம்.

— என்னையப் பத்தி?

— ரயில்ல மூணு மணி நேரம் எதுத்தாப்புல உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை கேக்கல. நான் கப்பல் ஏறப்போறப்பதான்... மாட்டுங்கா லேபர் கேம்ப்ல சேசம்மான்னு ஒருத்தி, நல்லாயிருக்காளா தம்பின்னு கேட்டாரு.

— என்ன சொன்னிய?

— வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சத்தியமா. அந்த மூஞ்சியப் பாத்து வரல. தலைய மட்டும் ஆட்டிட்டேன்.

— தலைய ஆட்டினியளா...

— நல்லாயிருக்கான்னு. அம்புட்டுதான். தப்பா சேசு? ஏதாவது பேசு. திட்டவாவது செய்யி. திரும்பி வர ஒன்றரை மாசம் கொச்சியிலயும் கொழும்புலயும் கெடந்தோம். ஒரு நா ஒழுங்காத் தூங்கல. அவரு நல்லவருதான். ஆனா வரவா போறாரு? ரெண்டு வருசமா இந்தக் கேம்ப்ல எத்தனை பேரு வாயில விழுந்து எந்திரிக்கோம். இந்தச் சீட்டைக் குடுத்துருவோம். சாமியாருக்குப் பர்மா எழுத்தா தெரியும்? பயமா இருந்தா ஓலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். டோம்பிவிலி பக்கம் ஒரு ரூமைப் புடிச்சுப் போயிருவோம். அங்க நம்மள எவனுக்குத் தெரியும்? அவருக்குத்தான் எப்படித் தெரியும்?

— நேத்தே காயிதம் வந்துட்டு தனசீலன். மெட்ராஸ்ல இருந்து. அகதிக் கப்பல்ல வந்து எறங்கிட்டாராம். 'ஊரு பாக்க வந்த தம்பி ஊரைப் பாக்கவே இல்ல, நாள் முழுக்க என் மூஞ்சியத்தான் பாத்தாரு. நீ அனுப்பின ஆளுன்னு அப்பவே புரிஞ்சுது. நீ நல்லாயிருக்கியான்னு கேட்டேன், தலைய ஆட்டினாரு. நீ இன்னும் எனக்காகத்தான் காத்திருக்கன்னு தெரிஞ்சுபோச்சு, அதான் பேரைக் குடுத்துக் கப்பல் ஏறிட்டேன்'னு எழுதியிருக்காரு. எல்லாம் தெரிஞ்சுதான் உங்களைப் பேச விட்டேன். அவரு செத்துட்டாருன்னு உங்க வாயால ஒரு தடவை கேட்டுக்கிடணும்னு ஆசையா இருந்துச்சு. பாவிதான் நான்... அழாதிய. கண்ணைத் தொடைங்க, அவ பாக்கா. நாளைக்குக் காலைல மெட்ராஸ் மெயில்ல தாதர் வாராரு. 'மூஞ்சி ரொம்ப மாறிட்டு, உனக்கு அடையாளம் தெரியாது. அந்தத் தம்பி கப்பல் வந்திருந்தா அவரையே ஸ்டேஷனுக்கு அனுப்பு'ன்னு போட்டிருக்காரு. போயிக் கூட்டிட்டு வாங்க.