மூன்று மணி முதல் ஐந்தரை வரை

“எடுத்துக்கங்க தம்பி. அவருக்குன்னு பறிச்ச அத்திப்பழம்தான். இனிமே வீணாத்தான் போகும்.”

துறைமுகக் காவலிலிருந்து வந்திருந்த இளைஞர் பழத்தைத் தொடவில்லை. என் விருந்தாளி பந்தெலிஸைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று இரண்டாம் முறையாகக் கேட்டார்.

“நேத்து மூணு மணிக்கு. துண்டைக்கூட நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

அவர் எழுதிக்கொண்டார். நல்ல கையெழுத்து. அதனால் முழுவதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

என் பெயர் எவாந்தியா. இந்தத் தீவின் தெற்குக் கரையில் ஆறு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். எங்கள் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை. இடிந்த பழங்கோயில்கூட வடகரைக்காரர்களுக்குத்தான் வாய்த்தது. எங்களிடம் இருப்பது மத்தியான அமைதி ஒன்றுதான். கோடையில் மூன்று மணி முதல் ஐந்தரை வரை யாரும் சத்தம் போடக்கூடாது. சட்டம் நாடு முழுவதற்கும் பொது, கடைப்பிடிப்பது நாங்கள். போன வருடம் மீன்பிடிக்கிற ஸ்தாத்திஸின் மாமியார் மூன்றே காலுக்கு இறந்துபோனார். ஐந்தரைக்குத்தான் அழ ஆரம்பித்தார்கள்.

பந்தெலிஸ் ஏதென்ஸிலிருந்து ஓய்வெடுக்க வந்தார். ஓய்வெடுப்பதில் அவரைப் போலப் பாடுபட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. கையில் ஒரு ரொட்டி அளவுக்குப் பாட்டுப்பெட்டி. சாப்பாடு முடிந்ததும் அதைக் கடலைப் பார்த்து வைத்துவிட்டு, அதற்கும் மேலான குரலில் நண்பர்களுக்குப் போன் போடுவார். “இங்க என்ன அமைதி தெரியுமாடா? ஒரு சத்தம் கிடையாது” என்று வளைகுடா முழுவதற்கும் அறிவிப்பார். ஐஸ் தீர்ந்தால் கரையிலிருந்தே “எவாந்தியாக்கா” என்று கூப்பிடுவார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் சமையலைப் பாராட்டியிருக்கிறார்.

பொறுத்துக்கொண்டேன். விடுமுறை என்றால் ஒருநாள் முடியும் அல்லவா. ஆனால் நேற்று மதியம், ஆக்டோபஸை மென்றுகொண்டே நல்ல செய்தி சொன்னார்.

“முடிவு பண்ணிட்டேன்க்கா. உங்க பக்கத்துக் கிடங்கை வாங்குறேன். கீழ பார், மேல வீடு. மத்தியானமெல்லாம் பாட்டு. செத்துக் கிடக்கிற ஊருக்கு உயிர் குடுத்துருவோம்.”

வாழ்த்துச் சொன்னேன். தட்டில் இன்னொரு துண்டு வைத்தேன்.

பிறகு, எதிரே தெரியும் ஆட்டுப்பாறை வரை நீந்தலாமா என்று கேட்டார். வந்த நாளிலிருந்து எல்லோரிடமும் கேட்டுவந்தார். காலையில் போ, மதியத்துக்கு மேல் போகாதே என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் வடக்குக் காற்று மலையிலிருந்து இறங்கி, நீரையும் நீரில் இருப்பதையும் வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஸ்தாத்திஸ் மேசையில் ரொட்டித்துகளை ஊதிக்கூட விளக்கிக் காட்டினார். ஆனால் ஓய்வெடுக்கிறவருக்குக் காலை என்பது பன்னிரண்டு மணிக்குத்தானே வருகிறது.

“மூணு மணிக்குப் போங்க. காத்து அடங்கிடும். கடல் பூரா உங்களுக்குத்தான்” என்றேன்.

அந்தக் காற்றை ஐம்பத்தெட்டு வருடமாகப் பார்க்கிறேன். பொழுது சாயும் முன் அது அடங்கி நான் பார்த்ததில்லை.

பாட்டுப்பெட்டியில் மணல் புகாமல் பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். அணைத்து, மாவு டப்பாவுக்குள் வைத்தேன்.

மூன்று நாற்பதுக்குச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஸ்தாத்திஸ் வெறுங்காலோடு என் ஜன்னலடிக்கு வந்தார். அந்த நேரத்துக்கு உரிய மரியாதையோடு கிசுகிசுத்தார்.

“யாரோ கத்துற மாதிரி இருக்கே எவாந்தியா. படகை எடுக்கவா?”

“அவரோட பெட்டிதான் கத்துது. நான் போய் அணைக்கிறேன். நீ போய்ப் படு.”

மோட்டாரைக் கிளப்பப் பார்த்தோமே என்ற கூச்சத்தோடு திரும்பிப் போனார். ஊரும் புரண்டு படுத்துக்கொண்டது. பதினோரு நாளாக அந்தப் பெட்டி எல்லோரையும் பழக்கியிருந்தது.

இங்கே இளைஞர் பேனாவை நிறுத்தினார். “அவர் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேக்காம என்ன தம்பி. எனக்குக் காது நல்லாவே கேக்கும். அதுதானே பிரச்சினை.”

என் பெயரைத்தான் கூப்பிட்டார். பத்தொன்பது தடவை. ஐஸ் கேட்கிற அதே குரல். கடைசியில் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது. நான் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு அத்திப்பழம் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலு பத்துக்கு, ஸ்தாத்திஸிடம் சொன்னபடியே, சத்தம் அணைந்தது.

ஐந்தரை ஆனதும் ஆள் திரும்பவில்லை என்று முதலில் கத்தியது நான்தான். அவ்வளவு பலமாக நான் கத்தி இந்த ஊர் கேட்டதில்லை. இன்று காலை ஒரு படகு அவரைக் கண்டெடுத்தது. சாட்சிக்கு உடனே ஸ்தாத்திஸைக் கூப்பிட வேண்டாம் என்று இளைஞரிடம் சொன்னேன். பாவம், இரவெல்லாம் தூங்கவில்லை, இப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். எனக்காக நான் எதையும் செய்துகொள்ளவில்லை. ஓய்வு தேடி வருகிறவர்களுக்கு ஓய்வு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்கும்கூடக் கிடைத்துவிட்டது.

இளைஞர் எழுந்து மாவு டப்பாவைத் திறந்தார். முழங்கை வரை வெள்ளையாகப் பெட்டியை வெளியே எடுத்தார். உடனே கிளம்ப வேண்டும், காவல் படகு துறையில் நிற்கிறது என்றார். சால்வையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். தெருவில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. படகில் ஏறியதும் சாவியை எடுத்தார். துறைமுகக் கடிகாரத்தில் நாலு மணி ஐந்து நிமிடம். அவர் கையை மெல்லத் தொட்டேன்.

“வரமாட்டேன்னு சொல்லல தம்பி. இந்த இன்ஜின் ரொம்பச் சத்தம் போடுமே. அஞ்சரை வரைக்கும் இப்படியே உக்காந்திருக்கலாமா?”