நான் படித்துக் காட்டிய சீட்டு

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தொரு வயதில். அதனால் இதை நானே எழுதுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

பெங்களூர் நீலசந்திராவில் எனக்கு அடுத்த வீடு கோவிந்தன். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் கல் சுமந்தோம். ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆள்வருகை எழுத ஒருவன் வேண்டும் என்றார் காண்ட்ராக்டர். நான் போய் நின்றேன்.

"படிப்பான் சாமி. ஆனா காலைல ஆரம்பிச்சா சங்கு ஊதறப்பதான் முடிப்பான்" என்றான் கோவிந்தன். காண்ட்ராக்டரே சிரித்துவிட்டார். வேலை வேறொருவனுக்குப் போயிற்று. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷமே அவனுக்குப் பிள்ளை பிறந்தது. மூச்சு இழுத்தால் விசில் மாதிரிச் சத்தம். குடித்த பால் புளித்துப் புளித்து மேலே வரும். தொண்டை குறுகல் என்றாராம் டாக்டர். பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுகிறது, அது பட்டுத் தொண்டை வீங்கி இன்னும் அடைக்கிறது என்று விளக்கினாராம். கோவிந்தன் மனைவி பாஞ்சாலி அழுத அழுகையில் மற்றது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அதனால் நர்ஸ் தமிழில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். அவர்கள் இருவருக்கும் எழுத்துத் தெரியாது. என்னிடம் கொண்டுவந்தார்கள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றாள் பாஞ்சாலி.

"வாத்தியாரே, பொழுது சாயறதுக்குள்ள முடியுமா?" என்றான் அவன்.

படித்தேன். "வயிறு முட்டப் பால் குடுக்கணும்மா. குடிச்சதும் மல்லாக்கப் படுக்க வெச்சிரணும்."

அவள் அப்படியே செய்தாள். நான்காம் நாள் சீட்டோடு ஓடி வந்தாள்.

"உதடு நீலமா இருக்குண்ணா. அதப் பத்தி எழுதியிருக்கா?"

விரல் வைத்துப் பார்த்தேன். "எழுதியிருக்கு. நீலம் வரும், போகும். பயப்பட வேணாம்."

திரும்பிப் போனாள். அடுப்பில் என் சோறு வேகுமுன்னே அந்த வீட்டில் அழுகுரல் கேட்டது.

நர்ஸ் உங்களிடம் சொன்னது சரிதான். சீட்டில் இருந்தது இது: 'பால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவும். குடித்ததும் அரைமணி நேரம் தோளில் நிமிர்த்திப் பிடிக்கவும். உதடு நீலமானால் உடனே கொண்டு வரவும்.' மூன்று வரியும் முதல் பார்வையிலேயே எனக்குப் புரிந்தது.

புதைத்துவிட்டு வந்தபின் கோவிந்தன் பாஞ்சாலியைத்தான் ஏசினான். "நான் எங்கண்ணா தப்புப் பண்ணேன்?" என்று அவள் என்னைக் கேட்டாள். "சீட்டுல இருந்தபடியேதானம்மா நீ செஞ்சே, உம்மேல தப்பில்ல" என்றேன். அன்றைக்கு அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேறு யாருக்கும் மனசு வரவில்லை, ஐயா.