மூணாவது கிளட்ச் பிளேட்டு

— கயித்த தளர்த்தாத ஞானம். கியர்பாக்ஸு என் நெஞ்சுக்கு நேரா தொங்கினு கீது.

— தளர்த்தல. கடப்பாரையில ரெண்டு சுத்து சுத்தி புடிச்சினு கீறேன். நீ பேசாம போல்ட்ட கழட்டு.

— எல்லாம் கழட்டியாச்சு. இப்ப பின்னால இழுக்கப் போறேன். வெளிய வந்ததும் மெதுவா எறக்கு. கஞ்சிப் பானைய எறக்குவியே, அந்த மாதிரி.

— போன தடவையும் அப்டித்தான் எறக்குனேன். அதுக்கு முந்தின தடவையும்.

— அதத்தான் நானும் கேக்கறேன். ஒரே வருசத்துல மூணு தடவ கிளட்ச் பிளேட்டு போற வண்டிய நீ எங்கயாவது பாத்திருக்கியா? எழுபத்தொண்ணுல பட்டாளத்து ஏலத்துல எடுத்த ஜீப்பு. இருபது வருசத்துல மொத்தமா நாலு பிளேட்டு மாத்தியிருப்பேன். இப்ப ஒரே வருசத்துல மூணு.

— இழுக்கறியா, இல்ல கத சொல்றியா? கையி எரியுது.

— இழுத்துட்டேன். எறக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம். ம், சாக்கு மேல குந்திடுச்சு. கைய வுடு.

— அப்பாடா.

— கைய காட்டு, பாக்கலாம்.

— காட்ட ஒண்ணும் இல்ல. செவந்துகினு கீது, அவ்ளோதான். இன்னிக்கு சபையில பாஸ்டர் நம்மள தேடியிருப்பாரு.

— தேடட்டும். ஞாயித்துக்கெழம எல்லாரும் பாட்டு பாடறாங்கோ, நாம ஜீப்புக்கு அடியில படுத்தினு கீறோம்.

— படுத்தினு கீறது நீ. நான் மேல குந்தினு கீறேன். உள்ளார இருக்கற பிளேட்ட கழட்டுய்யா. வெளிச்சம் போறதுக்குள்ள புதுச மாட்டணும்னு நீதானே பறந்தே.

— பறக்காம? காலையில ஏழு மணிக்கு பதினோரு புள்ளைங்க பைய மாட்டினு ரோட்ல நிக்கும். பன்னெண்டாவதா நம்ம பொண்ணு ஷாரோனு. இந்த சேரப்பணஞ்சேரிலேர்ந்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்கூலுக்கு என் ஜீப்ப வுட்டா அதுங்களுக்கு வேற இன்னா கீது?

— சரி வுடு. கழட்டு.

— இந்தா, வந்துடுச்சு. புடி. பாத்து, கரி ஒட்டும். பாத்தியா? மேல ஒட்டின லைனிங்கே தேஞ்சி போச்சு. ரிவெட்டு பல்ல காட்டுது.

— புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைக்காரன் டூப்ளிகேட் குடுத்துட்டான்னு சொல்லுவே.

— அது பொங்கலப்போ சொன்னது. ஜூன்ல வாங்கனது ஒரிஜினல். டப்பாவ உன் முன்னாலதான் ஒடைச்சேன்.

— அப்ப முனிரத்தினத்த சொல்லுவே. படப்பை கல்யாணத்துக்கு எடுத்துனு போனான், ஓட்டத் தெரியாம ஓட்டனான்னு.

— சொல்லமாட்டேன். அவன் ஒரே நாளு எடுத்துனு போனான். ஒரு நாள்ல இது இப்டி தேயாது.

— பின்ன?

— எனக்கு ஒடம்பு ஓய்ஞ்சி போச்சு ஞானம். கொஞ்ச நேரம் இப்டியே படுத்திருக்கேன். தண்ணி குடு.

— இந்தா. தலைய தூக்கி குடி, மூஞ்சில ஊத்திக்காத.

— நான் ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாத. பிளேட்டு சீக்கிரம் தேஞ்சா ரெண்டு காரணந்தான். ஒண்ணு, கிளட்ச் பெடல்ல ஆட்டம் இல்லாம முடுக்கி வச்சிருக்கணும். அத காலையிலேயே பாத்துட்டேன். ஒரு இஞ்சு ஆட்டம் சரியா கீது, ஜூன்லயும் சரியாதான் இருந்துது. அப்ப பாக்கி ஒரே காரணந்தான்.

— இன்னா?

— ஓட்டறவன் பெடல் மேல கால வச்சினே ஓட்டறான். நாள் பூரா லேசா அமுக்கினே ஓட்டறான். பிளேட்டு புடிக்காம வழுக்கி வழுக்கி தேயுது. கத்துக்குட்டிங்க பண்ற வேல.

— ஓட்டறது நீ.

— நான்தான்.

— இருவது வருசமா ஓட்டறே. உனக்கு கால எடுக்கத் தெரியாதா?

— தெரியும். எடுத்துட்டேன்னுதான் நெனச்சினு கீறேன். அதான் சங்கதி. எடுத்தேனா எடுக்கலையான்னு எனக்குத் தெரியல. குனிஞ்சி பாத்தாதான் காலு எங்க கீதுன்னே தெரியுது.

— ம்.

— ம்முன்னு சொல்றே. நான் சொல்றது புரியுதா? எடது காலு செத்துப் போச்சு. முட்டிக்கு கீழ மரம். சக்கரை வியாதி தின்னுடுச்சு. உன்கிட்ட சொல்லல. சொன்னா ஜீப்பு சாவிய புடுங்கிக்குவே. ஜீப்பு இல்லாங்காட்டி நான் யாரு இந்த ஊர்ல? தாவீதுன்னு சொன்னா எவனுக்கும் தெரியாது. ஜீப்பு தாவீதுன்னு சொன்னாதான் தெரியும்.

— எடது காலு மட்டுமா?

— இன்னா கேக்கறே?

— கேக்கறதுக்கு பதில் சொல்லு. எடது காலு மட்டுந்தானா?

— இல்ல. வலதும் ஆரம்பிச்சிடுச்சு.

— ஆண்டவரே.

— போன செவ்வாக்கெழம, சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டு மூடிக்கினு இருந்துது. பிரேக்க அமுக்கிட்டேன்னு நெனச்சினு கீறேன், வண்டி போய்னே கீது. குனிஞ்சி பாக்கறேன், காலு பிரேக்குக்கு பக்கத்துல வெறும் தரைய அமுக்கினு கீது. பம்பரு கேட்டு கட்டைல முட்டிதான் நின்னுச்சு. புள்ளைங்க சிரிச்சிதுங்கோ. நானும் சேந்து சிரிச்சேன். அப்பால ரயிலு போச்சு. எஸ்பிரஸு. அது போய் முடிக்கற வரைக்கும் ஸ்டேரிங்க வுட்டு என் கையி வரல.

— தெரியும். ஷாரோன் சொன்னா.

— ஷாரோன் சொன்னாளா? உன்கிட்டயா?

— அன்னிக்கு சாயந்தரமே சொன்னா. சிரிச்சினேதான் சொன்னா.

— அப்ப கால பத்தியும்...

— மே மாசம் படப்பை சந்தைலேர்ந்து ஒத்த செருப்போட வூட்டுக்கு வந்தே. இன்னொண்ணு கழண்டு வுழுந்தது உனக்குத் தெரியவே இல்ல. நான் நடந்தே போய் தேடி எடுத்தாந்து வாசல்ல வச்சேன். மறுநா நீ ரெண்டையும் மாட்டினு போனே, ஒரு வார்த்த கேக்கல.

— நான் வூட்லதான் வுட்டேன்னு நெனச்சேன்.

— அதுக்கு முன்ன செங்கல்பட்டு ஆஸ்பத்திரில டாக்டரு கால்ல ஊசியால குத்தி குத்தி கேட்டாரு. கண்ண மூடிக்கோன்னு சொன்னாரு. நீ ஓரக்கண்ணால அவரு கைய பாத்து பாத்து, வலிக்குது டாக்டர், வலிக்குது டாக்டர்னு சொன்னே. நான் பக்கத்துலதான் நின்னுனு இருந்தேன்.

— கண்டுபுடிச்சிட்டியா அத.

— டாக்டர ஏமாத்துவே. உன்கூட பதினாறு வருசம் குடும்பம் நடத்தறவள எப்டி ஏமாத்துவே?

— சிரிக்காத ஞானம்.

— சிரிக்கல. எனக்கு அழவும் வரல. அசந்து போய்ட்டேன்.

— இந்த புது பிளேட்டு இன்னும் டப்பாலயே கீது. இத மாட்டி முடிச்சி, நாளைக்கு முனிரத்தினத்த வந்து ஓட்டச் சொல்றேன். அவன் நெதானமா ஓட்டுவான். நான் இனிமே ஸ்டேரிங்க தொடமாட்டேன். மூணு பிளேட்ட என் காலு தின்னுருக்கு. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்? பொங்கலப்பவே எனக்கு இத யாராவது மண்டைல அடிச்சி சொல்லியிருக்கணும்.

— சொன்னா கேட்டிருப்பியா?

— கேட்டிருக்கமாட்டேன். ஆனா நீ சொல்லியிருக்கணும். தெரிஞ்சினே அத்தன புள்ளைங்கள என் கையில வுட்டுட்டு சும்மா இருந்தியா? பெத்த பொண்ணும் அதுல குந்தினு போறா. நான் பயந்தாங்கொள்ளி, வாய தொறக்கல. உனக்கு இன்னா வந்துது?

— சும்மா இல்லய்யா.

— சும்மா இல்லாம இன்னா பண்ணே? ஜெபம் பண்ணியா?

— ஜெபமும் பண்ணேன்.

— வேற?

— நீ அங்கயே படுத்தினு கேளு. எழுந்து வராத. பொங்கலுக்கு பிளேட்டு மாட்டும்போது கிளட்ச் பெடல் கம்பில ஒரு நட்ட காட்டனியே. இத அதிகமா முடுக்கிட்டா பிளேட்டு வழுக்கி தேஞ்சிடும், வண்டி இழுக்காம அப்டியே நின்னுடும், ஆனா யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னே.

— சொன்னேன். அதுக்கு இப்ப இன்னா? அந்த நட்டு சரியாத்தானே கீது.

— நின்ன வண்டிய வூட்டுக்கு தள்ளினு வந்ததும் நீ டீ குடிக்கப் போவே. அதுக்குள்ள நான் தளர்த்தி பழைய எடத்துக்கே வச்சிடுவேன்.

— ஞானம்.

— செருப்ப தேடி எடுத்தாந்த அன்னிக்கு மொத தடவ முடுக்கனேன். அப்பால மனசு கேக்கல, நீ ஸ்டேரிங்க புடிச்சா மூஞ்சியே மாறிடுது, வுட்டுட்டேன். போன செவ்வாக்கெழம ஷாரோன் வந்து ரயில்வே கேட்டு கதைய சொன்னா, அன்னிக்கே மறுபடியும் முடுக்கனேன். பொங்கலுக்கு போன பிளேட்டு உன் காலால போனது. மத்த ரெண்டும் நான் தேச்சதுய்யா.