ஒரிஜினல் பச்சை

“என் காருக்கு எங்க வீட்டுக் கேட்டோட பெயிண்ட்டை அடிச்சு வச்சிருக்கேன் லா.”

லிட்டில் இந்தியாவில் பஸ் ஏறிய இருவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய குரல்கள்.

“அப்பாவோட பழைய காருக்கா? ஒரிஜினல் கலரைக் கண்டுபிடிச்சுட்டேன்னியே?”

“அதைத்தான் சொல்றேன். எனக்கு நெனவு தெரிஞ்சு அது செவப்பு. பின்னாடி சாமான் வைக்கிற பூட்ல விரிச்சிருந்த மேட்டைத் தூக்கிட்டுச் சொரண்டினேன், செவப்புக்கு அடியில பச்சை. அதையே மேட்ச் பண்ணி முழுக் காருக்கும் அடிச்சாச்சு.”

“வேற எங்கயும் சொரண்டிப் பாக்கலயா?”

“அதான் கண்டுபிடிச்சாச்சேன்னு விட்டுட்டேன்.”

“அப்புறம்?”

“அம்மாவக் கார்பார்க்குக்குக் கூட்டிட்டு வந்து காட்டினேன். ‘இது நம்ம குவீன்ஸ்டவுன் வீட்டுக் கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட்டுடா. மிச்சத்தை அப்பா பூட்ல துரு பிடிச்ச எடத்துல பூசினாரு’ன்னாங்க. வாங்கினப்ப வெள்ளையாம், அப்புறந்தான் செவப்பு அடிச்சாராம்.”

“அவங்ககிட்ட மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?”

“அவங்களுக்குக் கார் பத்தி என்ன தெரியும்னு நெனச்சேன்.”

நண்பர் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“சரி, வெள்ளையை அடிச்சுட வேண்டியதுதானே?”

“எப்படி அடிக்கிறது? பழைய கார் குரூப்ல ‘இதுதான் ஒரிஜினல்’னு நீளமா எழுதிட்டேன். அதே மாடல் வச்சிருக்கிற ரெண்டு பேர் அதைப் படிச்சுட்டு அவங்க காரையும் பச்சையாக்கிட்டாங்க. நேத்து ஒருத்தர் தேங்க்ஸ் சொல்லிப் போட்டோ அனுப்பியிருந்தாரு. அச்சு அசல் எங்க வீட்டுக் கேட்டுதான்.”