கிமோனோ அம்மா

அந்தப் படத்தில் எனக்கு முதலில் பிடித்தது கொண்டைதான். உச்சியில் தூக்கிக் கட்டி, சீப்புச் செருகி, என்ன வடிவான கொண்டை.

போன வருசம், தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாரிக் குளிரில் என் தம்பி பத்மநாதனின் மனைவி நிலாணி அதைக் கொண்டுவந்து எங்கள் அஜின்கோர்ட் வீட்டு ஹோலில் மாட்டினாள். ஜப்பான்காரர் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படமொன்றின் பிரதி. நீலப் பூப்போட்ட கிமோனோவில் ஒரு தாய், மடியில் பால் குடிக்கும் பிள்ளை. அப்படியான படத்துத் தாய்மாரைப் பற்றித்தான் நிலாணி யூனிவர்சிற்றியில் ஆராய்ச்சி.

"உவ எங்களைப் பார்க்கமாட்டா மச்சாள். பிள்ளையை மட்டுந்தான் பார்ப்பா," என்றாள். சொன்ன கையோடு தன் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நல்ல ஆராய்ச்சி.

ஒன்றரை வயதுத் தனுஷிகா அம்மா வேண்டும் என்று வீடு இடியக் கத்துவாள். நான் என்ன செய்ய? படத்தைக் காட்டி, "அங்க பார், அம்மா," என்றேன். அழுகை நின்றுவிட்டது.

நாவூறு படாமல் அவள் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பதும் நான்தான். படத்துப் பிள்ளைக்கும் அதே கன்னத்தில் ஒன்று வைத்தேன். அதுவும் பச்சைப்பிள்ளைதானே. அன்றிலிருந்து தனுஷிகா படத்தில் தன்னையே கண்டு சிரித்தாள்.

ஆனால் படம் வாயில் சோறு தீத்துமா? அதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆகவே நானும் கொண்டையைத் தூக்கிக் கட்டினேன். பார்க்டேலில் ஒரு பழைய உடுப்புக் கடையில் நீலப் பூப்போட்ட அகலக்கைச் சட்டை அகப்பட்டது. நிலாணி வருமுன் கழற்றிவிடுவேன். சமையல் மணக்கும் அல்லவா.

போன வெள்ளிக்கிழமை அவள் வழமையிலும் வேளைக்கு வந்துவிட்டாள்; நான் சட்டையைக் கழற்றவில்லை.

"செல்லம், அம்மாட்ட வாங்கோ," என்று கையை நீட்டினாள்.

பிள்ளை படத்தைப் பார்த்தது. பிறகு "அம்மா" என்று என் மடியில் ஏறியது. கலியாணம் காணாத எனக்கு அந்தச் சொல் தேனாய் இனித்தது. நிலாணி சப்பாத்தோடு நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். பாவமாகத்தான் இருந்தது.

"அக்கா, உது என்ன விசர் வேலை?" என்று தம்பி கத்தினான்.

"ஓம், நான்தான் செய்தனான். ஆனா என்னை அம்மா எண்டு கூப்பிடச் சொல்லேல்லையடா," என்றேன். சத்தியமாகச் சொல்லவில்லை.

நிலாணி படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் நிற்கப் போகிறாளாம். நான் பிறம்ரனில் தங்கச்சி வீட்டுக்குப் போகவேண்டுமாம். எனக்கு ஒரு கோபமும் இல்லை. தங்கச்சிக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கிறது. அவளும் வேலைக்குப் போகிறவள், பாவம். ஒன்றரை வயதில் தொடங்கினால் பிள்ளைக்குத்தான் குழப்பம். இந்த முறை பிறந்த அன்றிலிருந்தே நான் பார்த்துக்கொள்வேன்.