நூறு மீட்டருக்குள் ஒரு கதவு

காலையில் மீன் வாங்கக் கிளம்புவதற்கு முன் நான் அரசிதழ் படிப்பேன் ஐயா. துருக்கியில், இந்த இஸ்மிரில் மதுக்கடை நடத்துகிறவன் வேறு என்ன செய்ய முடியும்? கத்திரிக்காய் சுடத் தெரிந்தால் போதும் என்று இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் எல்லாம் சீக்கிரமே மூட்டை கட்டிவிட்டார்கள்.

எங்களுடையது சின்னக் கடை. வறுத்த மீன், வெள்ளைப் பாலாடைக்கட்டி, முலாம்பழம், குடிக்க ராக்கி என்கிற சோம்புச் சாராயம். லைசென்ஸ் என் அண்ணன் நெஜாத்தி பெயரில். அடுப்படியும் அலைச்சலும் என் பெயரில். வாசல் மேசைகளுக்கு மேல் விரித்த பெரிய குடைகளில் மதுக் கம்பெனியின் பெயர் இருக்கக் கூடாது என்றார்கள். ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு குடைக்கும் பெயிண்ட் அடித்தேன். சாம்பல் கிண்ணத்திலும் கூடாது என்றார்கள். கத்தியால் சுரண்டினேன். பாட்டில் தெருவுக்குத் தெரியக் கூடாது என்றார்கள், கண்ணாடியில் தாள் ஒட்டினேன். பிறகு இன்னொருவன் வந்து, உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும், தாளைக் கிழி என்றான். கிழித்தேன். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் எனக்கு எரிந்தது ஐயா. ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை எல்லாம் வெங்காயத்தை நறுக்கித் தீர்த்துக்கொண்டேன்.

போன பனிக்காலத்தில் அண்ணன் இறந்தார். அவர் உடலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே என் மண்டைக்குள் அந்த விதிதான் ஓடியது. கடைக்கு நூறு மீட்டருக்குள் பள்ளியோ டியூஷன் சென்டரோ இருக்கக் கூடாது. வாசலுக்கு வாசல், நடந்து போகிற வழியில் அளப்பார்கள். பழைய லைசென்ஸை அது தொடாது. ஆனால் ஆள் செத்துப் பெயர் மாறினால் அது புது லைசென்ஸ். அதே அடுப்பு, அதே மேசை, அதே நான். புதுசாம்.

பக்கத்துக் கட்டிடத்தில் நூர்தென் டீச்சர் டியூஷன் சென்டர் நடத்தி வந்தாள். அதன் வாசல் அடுத்த தெருவில் இருந்தது. முனையைச் சுற்றிக்கொண்டு போனால் நூறு மீட்டர் தாராளமாகத் தாண்டும். எனக்கு ஒரு கவலையும் இருந்திருக்காது. ஆனால் தீயணைப்புத் துறைக்காரன் வந்து, புது விதிப்படி இரண்டாவது வழி வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டான். அவள் பின்சுவரை இடித்து இரும்புக் கதவு வைத்தாள். அது என் தெருவில் திறந்தது. என் வாசலில் நின்று துப்பினால் அதன் மேல் விழும். ஒரு ஆபீஸ் கதவை வை என்கிறது, இன்னொரு ஆபீஸ் அந்தக் கதவு இருந்தால் உன் கடையை மூடு என்கிறது. நடுவில் நான்.

முறையாகப் போய்க் கேட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

“அளக்க வர்ற அன்னைக்கு மட்டும் கதவ மூடி வை டீச்சர். முன்னால நாலு பெட்டி அடுக்கிக்கிறேன். யாருக்கும் தெரியாது.”

“நான் ஆசைப்பட்டா சுவத்த இடிச்சேன் வஸ்ஃபி அண்ணே? மேல அத்தனை புள்ளைங்க உக்காந்திருக்கு. குளிருக்கு ஹீட்டர் வேற ஓடுது.”

“ஒரு காலைதானே கேக்கிறேன்.”

“நீங்க ராக்கி ஊத்துறதுக்கு நான் புள்ளைங்கள உள்ள வச்சுப் பூட்டணுமா? போங்கண்ணே, போய் மீன வறுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முப்பது வருடமாக எல்லோரும் என்னிடம் அப்படித்தான் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள்.

அளக்கிற அன்று காலையில் பிள்ளைகள் மாடிக்குப் போன பிறகு அந்தக் கதவின் வெளிக் கொண்டியில் சங்கிலி சுற்றிப் பூட்டினேன். அதன் மேல் தகரம் சாத்தி, மீன் பெட்டிகளை அடுக்கி, பெயிண்ட் அடித்த குடை இரண்டைச் சாய்த்து வைத்தேன். பார்த்தால் சுவர்தான். எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அளவைச் சரிசெய்தேன், அவ்வளவுதான்.

நகராட்சியிலிருந்து கத்ரி என்பவர் அளவுச் சக்கரத்தோடு வந்தார். டியூஷன் சென்டரின் முன்வாசலில் தொடங்கி, முனை திரும்பி, என் வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்தார்.

“நூத்திப் பன்னெண்டு. பாஸ் பண்ணிட்ட வஸ்ஃபி. காபி போடு, உக்காந்து எழுதிடறேன்.”

காபி பொங்கும்போதே எனக்கு வாடை வந்துவிட்டது. என் மூக்கு அடுப்படி மூக்கு. கரிகிற கத்திரிக்காய் எது, கரிகிற வயர் எது என்று தெரியும். கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது.

“அங்க என்னய்யா சத்தம்?” என்றார் கத்ரி.

“தகரப் பட்டறைங்க. நாள் பூரா இதே தொல்லை.”

“அவன் மேல ஒரு புகார் எழுதட்டுமா?”

“முதல்ல என்னோடத எழுதி முடிங்கய்யா.”

அவர் சிரித்தார். நிதானமாக எழுதுகிற மனிதர். ஒரு வரி, ஒரு வாய் காபி. கதவுக்குப் பின்னாலிருந்து டீச்சர் கத்தினாள். தகரத்தையும் பெட்டிகளையும் தாண்டி வந்ததால் அவருக்கு அது வெறும் இரைச்சல். எனக்குப் புரிந்தது. அவள் என் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டாள். யார் பூட்டியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் எழுந்து போய்த் திறந்திருக்கலாம். திறந்தால் அது கதவாகிவிடும் ஐயா. அவர் சக்கரத்தை எடுத்து மறுபடி உருட்டுவார், பத்தடியில் நின்றுவிடும். அதனால் அவர் கோப்பைக்கு அருகில் நின்று, இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

அவர் கையெழுத்துப் போட்டார், முத்திரை வைத்தார். அதன் பிறகு ஒரு நொடி தாமதிக்கவில்லை. பெட்டிகளைத் தள்ளிவிட்டுப் பூட்டைத் திறந்தது நான்தான். இந்தக் கைக் கொப்புளங்கள் அப்போது வந்தவை. அதற்குள் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. மற்ற பிள்ளைகள் முன்படி வழியாக முன்பே இறங்கிவிட்டார்களாம், நல்லது. இந்தப் பக்கம் வந்தது டீச்சரும் நான்கு பிள்ளைகளும்.

இப்போது என் லைசென்ஸை ரத்து செய்யப் போகிறார்கள் என்று வெளியே நிற்கிற காவலர் சொல்கிறார். எந்த விதிப்படி என்று அவரைக் கேளுங்கள் ஐயா. சந்தேகம் இருந்தால் கத்ரியை மறுபடி வந்து அளக்கச் சொல்லுங்கள். எந்த வாசலிலிருந்து வேண்டுமானாலும் அளக்கட்டும். நூறு மீட்டருக்குள் இப்போது டியூஷன் சென்டர் எதுவும் இல்லை.